செம்பாசியும் கடல் வெப்பமும்: மரபணு எங்கே வருகிறது?

2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் உலகக் கடல்களின் மேற்பரப்பு வெப்பம் அதுவரை பதிவாகாத உச்சத்தைத் தொட்டது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. பவளம் வெளுக்கும் செய்தி பலரையும் எட்டிவிட்டது. அதே ஆழமற்ற கடலில் கயிற்றில் கட்டி வளர்க்கப்படும் செம்பாசிகளும் வெளுத்து, ஒடிந்து, அலையோடு போவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எப்போதாவது பேசப்பட்டால், "வெப்பம் தாங்கும் புதிய ரகம்" என்ற தலைப்போடு செய்தி வருகிறது.

படிப்பவருக்கு இங்கே இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. வெப்ப மண்டலத்திலேயே பிறந்து வளர்ந்த பாசிக்கு வெப்பம் ஏன் ஆகவில்லை? தாங்கும் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா? இரண்டுக்கும் பதில் சொல்ல, பாசியின் உடலிலிருந்து தொடங்க வேண்டும்.

## செம்பாசி எப்படிப்பட்ட உயிர்?

கடற்பாசி செடி மாதிரி தெரிந்தாலும் அதற்கு வேர் கிடையாது, பூ கிடையாது, நீரை மேலேற்றும் குழாய்களும் கிடையாது. உடல் முழுவதுமே சுற்றியுள்ள நீரிலிருந்து சத்துகளை உறிஞ்சுகிறது. நிலத்துச் செடி இலை வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் கொஞ்சம் குளிர்வித்துக்கொள்ளும். நீருக்குள் கிடக்கும் பாசிக்கு அந்த வழி இல்லை. நீரின் வெப்பம் என்னவோ அதுதான் பாசியின் உடல் வெப்பம். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது பலவும் எளிதில் புரியும்.

செம்பாசிகளில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறமிதான் சிவப்பைத் தருகிறது. நீருக்குள் ஊடுருவும் நீல, பச்சை ஒளியைப் பிடித்து ஒளிச்சேர்க்கைக்குக் கொடுப்பது அதன் வேலை. இந்தக் குலம் மிகப் பழையது. கனடாவில் கிடைத்த பாங்கியோமார்ஃபா என்ற செம்பாசிப் புதைபடிவத்தின் வயது 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

மனிதருக்கு இவற்றால் கிடைக்கும் முக்கியப் பொருள்கள் இரண்டு: அகர், கராஜீனன். இரண்டுமே பாசியின் செல்சுவரில் இருக்கும் பசைப்பொருள்கள். ஐஸ்கிரீம், பற்பசை, மருந்து உறை, ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டு என்று இவை போகாத இடம் குறைவு. வெப்ப மண்டலத்தில் கராஜீனனுக்காக வளர்க்கப்படுபவை கப்பாபைகஸ் ஆல்வரேசி, கப்பாபைகஸ் ஸ்டிரையேட்டஸ், யூக்கிமா டென்டிகுலேட்டம் ஆகியவை. அகருக்குக் கிராசிலேரியா. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 கோடி டன் ஈரப்பாசி வளர்க்கப்படுகிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் செம்பாசி. கராஜீனன் பாசியில் முதலிடம் இந்தோனேசியாவுக்கு. பிலிப்பைன்ஸ், மலேசியா, தான்சானியா போன்ற நாடுகளும் வளர்க்கின்றன.

## வெப்ப மண்டலத்துப் பாசிக்கு வெப்பம் ஏன் ஆகவில்லை?

கப்பாபைகஸுக்கு ஒத்துவரும் நீரின் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். 33 டிகிரியைத் தாண்டினால் தொல்லை தொடங்குகிறது. வெப்பமண்டலக் கடல் பல இடங்களில் கோடையில் 30 டிகிரியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதாவது சாதாரண நாளிலேயே பாசி தன் எல்லைக்கு இரண்டு மூன்று டிகிரி கீழேதான் வாழ்கிறது. குளிர்ந்த நாடுகளின் கரையோரப் பாசியோ ஒரே ஆண்டில் உறைபனிக் குளிரையும் கோடை வெயிலையும் பார்க்கிறது. அதன் உடல் பெரிய ஏற்ற இறக்கத்துக்குத் தயாராக இருக்கிறது. வெப்பமண்டலப் பாசிக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பம். அதனால் அது தாங்கும் வரம்பின் அகலம் குறைவு. சூடான இடத்தில் வாழ்கிறது என்பதும், இன்னும் கூடும் சூட்டைத் தாங்கும் என்பதும் வேறு வேறு.

பண்ணை அமையும் இடமும் பார்க்க வேண்டியது. முளையடித்துக் கயிறு கட்டும் முறைக்கு இடுப்பளவு நீர்தான் வசதி. ஓதம் வடிந்த நண்பகலில் அந்த நீர் அசையாமல் நின்றால், வெளிக்கடலைவிட அதிகமாகச் சூடாகும். செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பத்தைப் பார்த்து "30 டிகிரிதானே" என்று சொல்லிவிட முடியாது. கயிற்றடியில் வெப்பமானி வைத்தால்தான் பாசி எதை அனுபவிக்கிறது என்று தெரியும்.

கடல் வெப்ப அலை என்ற சொல்லும் செய்திகளில் அடிக்கடி வருகிறது. ஓர் இடத்தில் அந்தப் பருவத்தின் 30 ஆண்டுக் கணக்கை எடுத்து, அதில் மிகச் சூடான 10 சதவீத நாள்களின் அளவையும் தாண்டி, குறைந்தது 5 நாள் தொடர்ந்தால் அது கடல் வெப்ப அலை. பாசிக்கு இந்த "தொடர்ந்தால்" என்பதுதான் ஆபத்து. ஒரு பிற்பகல் சூட்டிலிருந்து இரவில் மீளலாம். இரவும் குளிராத 10 நாளிலிருந்து மீள்வது கடினம்.

இறப்பு மட்டும்தான் நட்டம் என்றும் எண்ண வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 100 கிராம் விதைப்பாசியைக் கயிற்றில் கட்டி 45 நாளில் அறுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

1. நாளுக்கு 3.5 சதவீதம் வளர்ந்தால், அறுவடையில் சுமார் 470 கிராம். அடுத்த நடவுக்கு 100 கிராமை எடுத்துவைத்தால் விற்க 370 கிராம்.
2. நாளுக்கு 2 சதவீதம் என்றால் சுமார் 244 கிராம், விற்க 144.
3. நாளுக்கு 1 சதவீதம் என்றால் சுமார் 156 கிராம், விற்க 56.

முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு வளர்வேகம் 43 சதவீதம்தான் குறைந்தது, விற்பனைச் சரக்கோ 61 சதவீதம் குறைந்துவிட்டது. மூன்றாவது நிலையில் ஒரு கொத்துகூடச் சாகவில்லை, ஆனால் கயிற்றுக்கும் கூலிக்கும் கட்டாது. வெப்பத்தின் சேதம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: வெளுப்பு கண்ணில் படுவதற்கு வெகு முன்பே வருமானம் கரைந்திருக்கும்.

## செல்லுக்குள் நடப்பது

வெப்பம் ஏறும்போது பாசியின் செல்லில் பல கோளாறுகள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு போகின்றன.

1. ஒளியைப் பிடிக்கும் அமைப்பு தளர்கிறது. ஃபைக்கோஎரித்ரின் முதலிய நிறமிப் புரதங்கள் ஒளிச்சேர்க்கைச் சவ்வின் மேல் கொத்துக் கொத்தாக அமர்ந்திருக்கின்றன. சூட்டில் இந்தப் பிணைப்பு நெகிழ்கிறது. நீரைப் பிளந்து ஆக்ஸிஜன் வெளியிடும் இரண்டாம் ஒளியமைப்பு முதலில் அடிவாங்கும் பகுதிகளில் ஒன்று. அதிலுள்ள டி1 என்ற புரதம் சாதாரண நாளிலேயே உடைந்து உடைந்து புதிதாகச் செய்யப்படுவது. வெப்பம் கூடினால் உடையும் வேகத்துக்குச் செப்பனிடும் வேகம் ஈடு கொடுப்பதில்லை.

2. செலவு வரவை மிஞ்சுகிறது. சுவாசம் வெப்பத்தோடு ஏறிக்கொண்டே போகும். ஒளிச்சேர்க்கை ஓர் உச்சம் வரை ஏறி, அப்புறம் சரியும். இரண்டு கோடுகளும் நெருங்க நெருங்க வளர்ச்சிக்கு மிஞ்சும் சர்க்கரை குறைகிறது. இரவு நீர் சூடாக இருந்தால் இரவெல்லாம் செலவு மட்டும்தான்.

3. நச்சு ஆக்ஸிஜன் சேர்கிறது. பிடித்த ஒளியைப் பயன்படுத்த முடியாதபோது அந்த ஆற்றல் ஆக்ஸிஜன் மேல் பாய்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உண்டாக்குகிறது. இவை புரதத்தையும் கொழுப்பையும் டி.என்.ஏ.வையும் அரிக்கும். யூக்கிமா போன்ற பாசிகள் இந்த நிலையில் புரோமின், குளோரின் சேர்ந்த ஆவியாகும் சேர்மங்களையும் வெளியிடுகின்றன. கிருமிகளை விரட்ட உதவும் அதே சேர்மம், காற்றோட்டமில்லாத தேங்கிய நீரில் அளவு மீறினால் பாசியையே பாதிக்கலாம்.

4. சவ்வு இளகுகிறது. செல்சவ்வு கொழுப்பால் ஆனது. சூட்டில் அது வேண்டிய அளவுக்கு மேல் இளகினால் உப்புகளின் சமநிலை கெடும்.

5. கிருமிக்கு வழி கிடைக்கிறது. இந்தக் கட்டத்தில் கிளை வெளுத்து, கூழாகி, ஒடிந்து விழுகிறது. பாசி வளர்ப்பவர்கள் இதை "ஐஸ்-ஐஸ்" என்கிறார்கள்.

ஐஸ்-ஐஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதை வெறும் தொற்றுநோயாக நினைப்பதால் தவறான தீர்வுகளைத் தேடுகிறோம். பிலிப்பைன்ஸில் 1974-இல் முதலில் பதிவான கேடு இது. 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டியது: நீரின் வெப்பத்தை 33 முதல் 35 டிகிரிக்கு ஏற்றினால், அல்லது உப்பைக் கடுமையாகக் குறைத்தால், அல்லது வெளிச்சத்தைக் குறைத்தால், வெளுப்பு தோன்றுகிறது. வெளுத்த கிளைகளில் பாக்டீரியாக்கள் நல்ல கிளைகளில் இருப்பதைவிட 10 முதல் 100 மடங்கு அதிகமாக இருந்தன. அந்த பாக்டீரியாக்கள் எப்போதும் கடலில் இருப்பவைதான். பாசி தளரும்வரை காத்திருந்து உள்ளே நுழைகின்றன. ஆகவே வெப்பத் தாங்குதிறனும் நோய் எதிர்ப்பும் இரண்டு தனித்தனிப் பண்புகள் போலப் பேசினாலும், கடலில் அவை ஒன்றாகவே சோதிக்கப்படுகின்றன. ஆய்வுக்கூடத்துச் சுத்தமான நீரில் 34 டிகிரியைத் தாங்கிய பாசி, பண்ணையில் 32 டிகிரியிலேயே விழுந்தால் அதில் வியப்பில்லை.

## "வெப்ப மரபணு" ஒன்று இருக்கிறதா?

இல்லை. மேலே சொன்ன ஐந்தில் ஒவ்வொன்றையும் எதிர்கொள்ள வெவ்வேறு மரபணுக்கள் உள்ளன. சூட்டில் உருக்குலையும் புரதங்களைப் பிடித்து நிமிர்த்தும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் ஒரு கூட்டம். நச்சு ஆக்ஸிஜனை முறிக்கும் நொதிகள் இன்னொன்று. சவ்வுக் கொழுப்பின் வகையை மாற்றுபவை, டி1 புரதத்தைச் செப்பனிடுபவை, செல்லின் உப்புச் சமநிலையைக் காக்கும் ஃப்ளோரிடோசைடு என்ற சர்க்கரைச் சேர்மத்தைச் செய்பவை என்று பட்டியல் நீளும். இவற்றில் பல எல்லாப் பாசிகளிலும் இருக்கின்றன. ஒரு பாசிக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம், எந்த மரபணு இருக்கிறது என்பதைவிட, எப்போது, எவ்வளவு வேகமாக, எத்தனை நாள் அது வேலை செய்கிறது என்பதில்தான் அதிகம்.

செம்பாசி என்ற பெருங்குலத்திலேயே வெப்பத்தின் உச்சத்தில் வாழும் உறவினரும் உண்டு. கால்டேரியா சல்ஃபுரேரியா என்ற ஒற்றைச்செல் உயிர், அமிலம் நிறைந்த வெந்நீர் ஊற்றுகளில் 56 டிகிரி வரை வாழ்கிறது. 2013-இல் அதன் மரபணுத் தொகுதி வெளியானபோது, அந்தத் திறனின் ஒரு பகுதி பாக்டீரியா, ஆர்க்கியா போன்ற நுண்ணுயிர்களிடமிருந்து வந்த மரபணுக்களால் கிடைத்தது என்று தெரிந்தது. வியப்பான செய்திதான். ஆனால் அதிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துக் கப்பாபைகஸில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். கால்டேரியாவின் சவ்வு, புரதம், வாழ்க்கை முறை எல்லாமே வெந்நீருக்கு ஏற்றவை. ஒரு பாகத்தை மட்டும் பிரித்தெடுத்தால் அந்தத் திறன் கூடவே வராது.

இன்னொரு குழப்பமும் இங்கே தீர வேண்டும். ஒரு பாசி வெப்பத்தைத் தாங்குவதற்கு இரண்டு வழிகள்:

1. பழகிக்கொள்ளுதல். வெப்பம் மெல்ல ஏறினால் பாசி வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கூட்டி, சவ்வை மாற்றி, தன்னைச் சரிசெய்துகொள்ளும். டி.என்.ஏ. எழுத்து மாறுவதில்லை. சூழல் பழையபடி ஆனதும் இந்தத் தயார்நிலையும் மெல்லக் குறையும்.
2. தகவமைதல். தலைமுறை தலைமுறையாக, தாங்கும் வகைகள் பிழைத்து, தாங்காதவை ஒழிந்து, கூட்டத்தின் மரபணுக் கலவையே மாறுவது. இதற்கு முதலில் கூட்டத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும்.

பண்ணைச் செம்பாசியின் சிக்கல் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

## மூன்று கட்ட வாழ்க்கை

செம்பாசிகளின் வாழ்க்கைச் சுழற்சி பாடப்புத்தகத்தில் பலரைத் திணறடித்த ஒன்று. இங்கே வேண்டிய அளவு மட்டும் பார்ப்போம். கிராசிலேரியாவிலும் கப்பாபைகஸிலும் இது இப்படி நடக்கிறது:

1. ஆண் பாசி, பெண் பாசி தனித்தனி. இவற்றின் செல்லில் குரோமோசோம் தொகுதி ஒன்றுதான்.
2. ஆண் செல் பெண் பாசியை அடைந்து கருவுற்றதும், பெண் பாசியின் மேலேயே சிறு புடைப்பாக இரண்டாவது கட்டம் வளர்கிறது. இதில் இரட்டைத் தொகுதி. ஒரே கருவிலிருந்து ஏராளமான வித்துகள் இங்கே உருவாகின்றன.
3. அந்த வித்துகள் முளைத்துத் தனிப் பாசியாகின்றன. இதுவும் இரட்டைத் தொகுதி. இது முதிர்ந்ததும் குரோமோசோம்களைக் கலைத்துப் பிரித்து நான்கு நான்காக வித்துகளை விடுகிறது. அவை மறுபடியும் ஆணும் பெண்ணுமாக முளைக்கின்றன.

முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். செம்பாசியின் ஆண் செல்லுக்கு நீந்தும் வால் கிடையாது. நீரோட்டம் கொண்டுசேர்த்தால்தான் உண்டு. ஐரோப்பியக் கடற்கரையின் ஒரு கிராசிலேரியாவில் சிறு இறால் போன்ற உயிரினம் ஒன்று, பூவுக்கு வண்டு உதவுவது போல, ஆண் செல்களை உடலில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதாக 2022-இல் தெரியவந்தது.

வெப்பத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தாங்குதிறன் தரும் ஒரு மரபணு வடிவம் ஒடுங்குபண்பாக, அதாவது வேறு வடிவம் கூட இருந்தால் வெளிப்படாமல் மறைந்துகொள்வதாக, இருக்கிறது என்று கொள்வோம். கூட்டத்தில் அதன் பங்கு 10 சதவீதம். ஒற்றைத் தொகுதிப் பாசியில் மறைக்க இன்னொரு பிரதி இல்லை. 100-க்கு 10 பாசிகளில் அந்தப் பண்பு வெளிப்படும். இரட்டைத் தொகுதிப் பாசியில் இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால்தான் வெளிப்படும். 100-க்கு 1 பாசி. ஆக, தேர்ந்தெடுப்பு ஒற்றைத் தொகுதிக் கட்டத்தில் கூர்மையாக வேலை செய்கிறது. நல்லதைச் சீக்கிரம் காட்டும், கெட்டதைச் சீக்கிரம் கழிக்கும். இரட்டைத் தொகுதிக் கட்டமோ ஒரு பிரதி பழுதானாலும் மற்றதை வைத்துச் சமாளிக்கும். இந்த இரண்டும் மாறி மாறி வருவதுதான் காட்டுப் பாசிக் கூட்டத்தின் பலம்.

## ஒரே கிளையின் துண்டுகள்

பண்ணையில் இந்தச் சுழற்சியே நடப்பதில்லை. முதிர்ந்த பாசியை ஒடித்து, துண்டைக் கயிற்றில் கட்டினால் அது வளர்கிறது. அதை ஒடித்து மறுபடி கட்டுகிறோம். வாழைக்கன்றும் கரும்புக்கரணையும் போல, எல்லாமே தாயின் நகல். எளிது, செலவில்லை, ஆறேழு வாரத்தில் பணம். இந்த எளிமை இல்லையென்றால் லட்சக்கணக்கான கடற்கரைக் குடும்பங்களுக்கு இந்தத் தொழிலே வந்திருக்காது. அதை மறந்து நகல் முறையைப் பழிப்பது நியாயமில்லை. ஆனால் அதன் விலை இப்போது தெரிகிறது.

கப்பாபைகஸ் வளர்ப்பு 1960-களின் பிற்பகுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவுகளில் உருவானது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி அதில் முன்னின்றவர். அங்கே தேறிய சில ரகங்கள் பிறகு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று பல நாடுகளுக்கு எடுத்துச்செல்லப்பட்டன. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, வெவ்வேறு கண்டங்களின் பண்ணைகளில் எடுத்த கப்பாபைகஸ் ஆல்வரேசியின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டது. உலகெங்கும் அவை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மைட்டோகாண்ட்ரியா ஒத்துப்போவதால் முழு மரபணுத் தொகுதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று என்று சொல்லிவிட முடியாது. அது பொதுவாகத் தாய்வழியை மட்டும் காட்டும். என்றாலும் காட்டுக் கூட்டங்களில் காணும் வேறுபாட்டோடு வைத்துப் பார்த்தால், பண்ணைக்குள் வந்தது மிகச் சிறிய பங்கு என்பதில் ஐயமில்லை. சிலி நாட்டின் கிராசிலேரியா பண்ணைகளிலும் இதே கதைதான்: வேறுபாடு குறைவு, பெரும்பாலானவை இரட்டைத் தொகுதிக் கட்டத்து நகல்கள்.

இதன் விளைவுகளைப் பிரித்துப் பார்த்தால்:

1. வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டும்போது கிட்டத்தட்ட எல்லாக் கொத்துகளும் ஒரே நேரத்தில் தளர்கின்றன. பிழைத்து நிற்கும் 10 சதவீதம் என்று ஒன்று இல்லாமல் போகிறது.
2. ஒடித்து ஒடித்து வளர்க்கும்போது செல்களில் சிறு சிறு பிறழ்வுகள் சேர்கின்றன. குரோமோசோம்களைக் கலைத்துக் கெட்டதைக் கழிக்கும் கட்டம் இல்லாததால் அவை தங்கிவிடுகின்றன. பல ஆண்டுகள் ஆன விதைப்பாசியின் வீரியம் குறைகிறது என்ற புகாருக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.
3. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

மூன்றாவதை விளக்க வேண்டும். வெப்ப அலைக்குப் பிறகு பண்ணையில் நல்ல நிலையில் இருக்கும் கொத்துகளைப் பொறுக்கி அவற்றையே விதையாக்குவது எல்லோரும் செய்வது. நல்ல பழக்கம்தான், நோயுற்றதைக் கட்டாமல் தவிர்க்கிறது. ஆனால் ஒரே நகலின் 1,000 கொத்துகளில் 40 நன்றாக இருந்தால், அந்த 40-இன் மரபணு வேறா, இடம் வேறா? நீரோட்டம் பாயும் ஓரத்துக் கயிறு, கொஞ்சம் ஆழம் கூடிய மூலை, நிழல் விழுந்த பகுதி என்று பிழைப்புக்கு வேறு காரணங்கள் நிறைய. அவற்றை அடுத்த பருவத்தில் நடுக்கயிற்றில் கட்டினால் மற்றவை போலவே வெளுக்கலாம். பொறுக்கியது பாசியை என்று நினைத்திருப்போம். உண்மையில் பொறுக்கியது இடத்தை. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நிற வகைகள் இருப்பதைக் காட்டி வேறுபாடு உண்டே என்று கேட்கலாம். நிறம் நிறமிப் புரதங்களின் அளவைச் சொல்கிறது. அதை மட்டும் வைத்து வெப்பத் தாங்குதிறனைக் கணிக்க முடியாது.

தான்சானியாவின் சான்சிபார் தீவுகளில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1989 வாக்கில் வளர்ப்பு தொடங்கியது. செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆழமற்ற நீர் சூடாகச் சூடாக, நல்ல விலை போகும் கப்பாபைகஸ் பல இடங்களில் தேறாமல் போனது. வெப்பத்தை ஓரளவு தாங்கும் யூக்கிமா நின்றது, ஆனால் அதன் விலை குறைவு. ஆழமான நீருக்குப் போனால் கப்பாபைகஸ் பிழைக்கும். அங்கே போகப் படகு வேண்டும், நீச்சல் வேண்டும். அந்தப் பெண்களில் பலருக்கு இரண்டும் இல்லை. ஒரு பாசியின் மரபணு வேறுபாடு சுருங்கியது, கடைசியில் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் வந்து நிற்கிறது.

## வேறுபாடு இருந்தால் என்ன நடக்கும்?

செம்பாசிகளில் வெப்பத் தாங்குதிறன் தலைமுறைகளில் மாறக்கூடியதுதான் என்பதற்குச் சான்றுகள் உண்டு, மிதவெப்பக் கடல்களிலிருந்து. வடமேற்குப் பசிபிக்கைச் சேர்ந்த கிராசிலேரியா வெர்மிகுலோஃபில்லா, சிப்பி ஏற்றுமதியோடு ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போய்ப் பரவியது. அங்கே பரவிய கூட்டங்கள் தாயகத்துக் கூட்டங்களைவிட வெப்பத்தை அதிகம் தாங்குகின்றன. சீனாவில் கிராசிலேரியாப்சிஸ் லெமானிஃபார்மிஸ் பாசியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட "981" என்ற ரகம் காட்டு வகையைவிட வெப்பம் தாங்கியதால், தெற்கே சூடான கடல் வரை வளர்ப்பு விரிந்தது.

வெப்பமண்டலத்தில், கால்நடைகளின் மீத்தேன் வெளியேற்றத்தைக் குறைப்பதற்காகப் பெயர்பெற்ற அஸ்பராகாப்சிஸ் டாக்ஸிஃபார்மிஸ் நல்ல எடுத்துக்காட்டு. ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்தப் பாசிக்குள் மரபணு அளவில் பல கிளைவழிகள் உள்ளன; அவற்றுக்கு ஒத்துவரும் வெப்பமும் வேறுபடுகிறது. "அஸ்பராகாப்சிஸ் இத்தனை டிகிரி தாங்கும்" என்ற செய்தியைப் பார்த்தால், எந்தக் கிளைவழி என்று கேட்க வேண்டும். பவளப்பாறையை ஒட்டவைக்கும் சுண்ணாம்புச் செம்பாசிகளிலும் இதே நிலை: ஓர் இனம் என்று கருதப்பட்ட பொரோலித்தான் ஆன்கோட்ஸ், டி.என்.ஏ. பார்த்தபோது பல இனங்களின் கூட்டம் என்று தெரிந்தது.

கப்பாபைகஸுக்கு இந்த வளம் தென்கிழக்காசியக் கடல்களில் இயற்கையாக வளரும் காட்டுக் கூட்டங்களில் இருக்கிறது. 2014-இல்தான் கப்பாபைகஸ் மலேசியானஸ் என்ற இனமே தனியாக அடையாளம் காணப்பட்டது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் நிறுவனத்தில் காட்டுப் பாசிகளின் வித்திலிருந்து நாற்று எழுப்பும் வேலை நடக்கிறது. வித்திலிருந்து வரும் ஒவ்வொரு நாற்றும் தனி மரபணுக் கலவை. நகல் பண்ணையில் கிடைக்காத தேர்வு அங்கே கிடைக்கிறது.

இதுதான் சரியான வழி என்பது என் கருத்து, மெதுவானது என்றாலும். நாற்று வித்திலிருந்து கயிற்றளவுக்கு வளரப் பல மாதங்கள் ஆகும். பண்ணை ரகங்களில் இனப்பெருக்க உறுப்புகள் அரிதாகவே தென்படுவதால், அவற்றைக் காட்டு வகையோடு கலப்பதும் சுலபமில்லை. தேறும் நாற்றுகளில் எல்லாமே நல்ல கராஜீனன் தரும் என்றும் இல்லை. மரபணுத் திருத்தம் பற்றிய பேச்சு இப்போதைக்கு வெகு தொலைவு.

## "வெப்பம் தாங்கும் ரகம்" என்ற செய்தியைப் படிக்கும்போது

1. எத்தனை டிகிரி என்பதோடு எத்தனை நாள் என்றும் பாருங்கள். 35 டிகிரியில் 6 மணி நேரமும் 32 டிகிரியில் 3 வாரமும் ஒப்பிடக்கூடியவை இல்லை.
2. எதோடு ஒப்பிட்டார்கள்? பழைய ரகத்தையும் புதியதையும் ஒரே நீரில், ஒரே நேரத்தில், சில சுழற்சிகளாவது வளர்த்திருக்க வேண்டும். சூடான இடத்திலிருந்து எடுத்துவந்த பாசி முதல் சில வாரங்களுக்குப் பழக்கத்தால் மட்டுமே நன்றாக நிற்கலாம்.
3. என்ன அளந்தார்கள்? உயிரோடிருந்ததா, வளர்ந்ததா, ஒளிச்சேர்க்கை அளவு குறையாமல் இருந்ததா? சாகாத பாசி வளரும் பாசியாக இருக்க வேண்டியதில்லை.
4. பசைப்பொருளின் அளவும் உறுதியும் சொல்லப்பட்டிருக்கிறதா?
5. எத்தனை மரபணு வகைகள் சோதிக்கப்பட்டன? ஒரே ரகத்தின் 50 துண்டுகள் என்றால் அது ஒரே வகைதான்.

## ரகத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோவது

நல்ல ரகம் ஒன்று கிடைத்தால் அதை எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில் 1970-களில் சோதனைக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பிறகு பவளங்களின் மேல் படர்ந்தது. நீரடிப் பம்புகளால் உறிஞ்சியெடுத்தும், அதைத் தின்னும் கடல் முள்ளெலிகளை விட்டும் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் ரகம் என்றால், கோடை வெப்பம் தடையாக இருக்கும் இடங்களில் அந்தத் தடையும் போய்விடும்.

விதைப்பாசி தனியாகவும் வருவதில்லை. அதன் மேல் வளரும் நூல்பாசிகள், உள்ளே ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் கூடவே வருகின்றன. மெலானோதாம்னஸ் போன்ற ஒட்டுப்பாசிகள் வேர்போன்ற பிடிப்பைக் கப்பாபைகஸின் தோலுக்குள் செலுத்திப் புண்ணாக்குபவை. அந்தப் புண் வழியே பாக்டீரியா நுழைகிறது. ஒரு மூட்டை விதைப்பாசியைக் கண்ணால் பார்த்து இவை இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. தனித் தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனித்து, நுண்ணோக்கியிலும் பார்த்துத்தான் கடலில் விட வேண்டும். புதிய ரகத்தை எல்லாரும் ஒரே ஆண்டில் ஏற்றுக்கொண்டால் இன்னொன்றும் நடக்கும்: பழைய ஒற்றை நகலின் இடத்தில் புதிய ஒற்றை நகல் உட்காரும். அந்தந்தக் கடலின் காட்டுக் கூட்டத்திலிருந்து பல ரகங்களை எழுப்பி, ஒரே பண்ணையில் நான்கைந்தைக் கலந்து கட்டுவதும், பழையவற்றின் மாதிரிகளை விதை வங்கியில் உயிரோடு வைத்திருப்பதும்தான் அடுத்த வெப்ப அலைக்கு முன் செய்யக்கூடிய வேலை. அதற்கு முதல் தேவை, பண்ணைகளுக்கு அருகிலுள்ள காட்டுப் பாசிப் படுகைகளை வெட்டியெடுக்காமல் விட்டுவைப்பது.